டப்பாவைக் குலுக்கிப் பார்க்கும் வித்தை: எலியின் மூளையில் எம்.எஸ். நோயை ஸ்கேன் எப்படித் தேடுகிறது?

ஜவ்வரிசி ஊறிவிட்டதா என்று பார்க்க மூடியைத் திறக்க வேண்டியதில்லை. டப்பாவை எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கினால் போதும். ‘சளக் சளக்’ என்று கேட்டுக்கொண்டே இருந்தால் தண்ணீர் இன்னும் தனியாக நிற்கிறது. ‘தொப்’பென்று ஒரே சத்தத்தோடு அடங்கிவிட்டால் ஜவ்வரிசி தண்ணீரைக் குடித்துவிட்டது. சேலம் சூரமங்கலத்துச் சமையலறைகளில் இதை யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. சுற்றிலும் மரவள்ளிக் காடும் சேகோ ஆலையும். ஜவ்வரிசி விற்பதற்கென்றே 1981-ல் சேகோசர்வ் என்று ஒரு கூட்டுறவுச் சங்கம் கண்ட ஊர் சேலம்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் அடிப்படையில் இந்தக் குலுக்கல்தான். உள்ளே இருக்கும் தண்ணீர் தனியாக நிற்கிறதா, எதையாவது ஒட்டிக்கொண்டு கிடக்கிறதா என்று மூடியைத் திறக்காமலே கேட்டுச் சொல்லும் யந்திரம் அது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்ற நோயை ஆராய்கிறவர்கள் எலியையும் குரங்கையும் ஏன் ஸ்கேனுக்குள் படுக்கவைக்கிறார்கள் என்பதுவரை போய்விடலாம்.

முதலில் நோய். மூளையிலும் தண்டுவடத்திலும் ஓடும் நரம்பிழைகள் பலவற்றின்மேல் மயலின் என்ற கொழுப்புறை இருக்கிறது. ஒரே சவ்வு பல சுற்றாக இறுகி உண்டாகும் உறை. இது இருந்தால் நரம்புச் செய்தி தாவித் தாவி விரைவாகப் போகும். கழன்றுவிட்டால் தள்ளாடும், சில இடங்களில் நின்றே போகும். எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த நோயில், உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு அணுக்களே மயலினைப் பகையென்று எடுத்துக்கொண்டு அரிக்கின்றன. ஒரு கண் மங்கும், சில வாரத்தில் தெளியும். பல மாதம் கழித்து ஒரு கால் மரத்துப்போகும். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஐரோப்பாவோடு ஒப்பிட்டால் நம் நாட்டில் குறைவுதான். அதனாலேயே பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. ‘நரம்புத் தளர்ச்சி’ என்று டானிக் வாங்கிக் குடித்தே காலம் போய்விடுகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் இதுவும் உண்டு.

இனி குலுக்கலுக்கு வருவோம். ஒவ்வொரு நீர் மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மிக மிகச் சிறிய காந்தம். பெரிய காந்தத்துக்குள் ஆளைப் படுக்கவைத்ததும், லட்சத்தில் ஒன்று என்ற கணக்கில் அவற்றில் ஒரு சிறு பங்கு அந்தக் காந்தத்தின் திசைக்கு உபரியாக நிற்கிறது. அந்தச் சொற்பத்தை ஒரு ரேடியோ அலை தட்டிக் குலுக்குகிறது. அலையை நிறுத்தியதும் அணுக்கருக்கள் ஒரு மெல்லிய ரேடியோ முனகலை விட்டபடி அடங்குகின்றன. அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் சங்கதி.

மூளையைச் சுற்றியிருக்கும் தெளிந்த நீர் அடங்க ஏறத்தாழ 2 நொடி ஆகும். அது சளக் சளக். மயலின் நிறைந்த வெண்பகுதியில் இருக்கும் நீரோ ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகுமுன் அடங்கிவிடும். மயலினின் சுற்றுகளுக்கு இடையே மாட்டிக்கொண்ட நீர் அதைவிட வேகம்: ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 10 முதல் 20 பங்கு. மயலினின் கொழுப்பும் புரதமும் இருக்கின்றனவே, அவை ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தாங்குவதில்லை. யந்திரம் காது கொடுப்பதற்குள் ஓய்ந்துவிடும். ஆகவே வழக்கமான ஸ்கேன் படத்தில் மயலின் தெரிவதே இல்லை. தெரிவதெல்லாம் மயலினை அண்டிக் கிடக்கும் தண்ணீர்தான். இதை ஸ்கேன் எடுத்துக்கொள்ளும் எவருக்கும் முதலில் சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி.

நோய் வந்த இடத்தில் என்ன நடக்கிறது? அழற்சியில் நீர் கசிகிறது, மயலின் உதிர்கிறது, தனித் தண்ணீர் கூடுகிறது. ஊறிய ஜவ்வரிசி குடித்ததைக் கக்கிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். குலுக்கினால் பழையபடி சளக். படத்தில் அந்த இடம் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.

லண்டனில் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையைச் சேர்ந்த இயன் யங் குழுவினர் 1981-ல் எம்.எஸ். நோயாளிகளை இந்த முறையில் பார்த்தபோது, சி.டி. ஸ்கேனில் அகப்படாத ஏராளமான புண்கள் தெரிந்தன. அதற்குப் பிறகு இந்த நோயைக் கண்டுபிடிக்க எம்.ஆர்.ஐ. இல்லாமல் முடியாது என்றாயிற்று. ஆனால் சிக்கலும் அங்கேயே தொடங்கியது. வெறும் வீக்கமா, மயலின் போய்விட்டதா, நரம்பிழையே அறுந்துவிட்டதா, ஆறிய தழும்பா? நான்குக்கும் ஒரே சளக்தான். எது என்று அறிய மூடியைத் திறந்தாக வேண்டும். மனிதர் தலையில் அது நடக்கிற காரியமா? இறந்தபின் மூளையை அறுத்துப் பார்க்கலாம். அப்போது நோய்க்கு முப்பது வயது ஆகியிருக்கும். தொடங்கிய வாரத்தில் என்ன நடந்தது என்று அந்தத் தழும்பு சொல்லாது.

அதற்குத்தான் பிராணிகள். இன்று குலுக்கிச் சத்தத்தைக் குறித்துக்கொண்டு, நாளையே திறந்து பார்க்கக்கூடிய டப்பா அவைதான்.

எலிக்கு எம்.எஸ். தானாக வராது, வரவழைக்க வேண்டும். வரவழைக்கும் முறையின் பூர்வீகத்தைத் தேடிப்போனால் அது நம் பக்கத்துக்கே வந்து நிற்கிறது. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று வீட்டுப் பெரியவர்கள் மிரட்டுவார்களே, அந்த ஊசி. டேவிட் செம்பிள் என்ற ராணுவ மருத்துவர் 1911-ல் இமாசலத்துக் கசௌலியில் உருவாக்கியது. ரேபிஸ் கிருமியை ஆட்டின் மூளையில் வளர்த்து, கார்பாலிக் அமிலத்தால் கிருமியைச் செயலிழக்கச் செய்து, மூளைக் கரைசலை அப்படியே ஊசியில் ஏற்றுவார்கள். 1907-ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் தென்னாட்டுக்கு ஆட்டு மூளைத் தடுப்பூசி தயாரித்துக் கொடுத்தது. எண்ணற்ற உயிர்களைக் காப்பாற்றிய மருந்து என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலருக்குச் சில வாரங்களில் கால் விழுந்தது, சிறுநீர் நின்றது, நினைவு தப்பியது. ரேபிஸ் வந்துவிட்டதோ என்று பயந்தால், அது ரேபிஸும் இல்லை. கரைசலில் கிருமியோடு சேர்ந்து ஆட்டின் மயலினும் உள்ளே போயிருந்தது. உடம்பு அதை எதிர்க்கப் பழகி, அந்தப் பழக்கத்தில் தன் மயலினையே தாக்கிவிட்டது. தாய்லாந்தில் இந்த ஊசி போட்டு நோயுற்றவர்களை ஆராய்ந்து 1987-ல் வெளியான கட்டுரை, மயலினில் இருக்கும் ஒரு புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் அவர்கள் உடம்பில் இருந்ததைக் காட்டியது. இந்தியா ஆட்டு மூளை ஊசித் தயாரிப்பை 2004 டிசம்பரில்தான் நிறுத்தியது. இப்போது போடுவது ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில் தயாராவது. மூளைத் திசு அறவே கிடையாது, போடும் இடமும் கைதான்.

இந்த விபத்தை வேண்டுமென்றே செய்துபார்த்தால் என்ன என்று நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் தாமஸ் ரிவர்ஸ் யோசித்தார். கிருமி எதுவும் சேர்க்காமல் முயலின் மூளைச் சாற்றை மட்டும் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்ப ஊசியில் ஏற்றினார். மாதக்கணக்கில், டஜன் கணக்கில் ஊசிகள். சில குரங்குகளுக்கு மூளையிலும் தண்டுவடத்திலும் அழற்சி வந்தது; மயலின் உதிர்ந்தது. முதல் கட்டுரை 1933-ல் வந்தது. 1947-ல் எல்வின் கபட் முதலானோர் மூளைச் சாற்றோடு, இறந்த காசநோய்க் கிருமிகள் கலந்த எண்ணெயைச் சேர்த்தார்கள். மாதக்கணக்கு வாரக்கணக்காகச் சுருங்கிற்று. இன்றைய ஆய்வுக்கூடத்தில் முழு மூளையும் தேவையில்லை. மயலினின் மேற்புறத்துப் புரதம் ஒன்றின் 21 அமினோ அமிலத் துண்டு போதும். அதை அந்த எண்ணெயோடு கெட்டியாகக் கடைகிறார்கள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் கலையாமல் உருண்டையாக நிற்க வேண்டும், அதுதான் பதம். எலியின் தோலுக்கடியில் போட்டால் பத்துப் பதினைந்து நாளில் முதலில் வால் துவளும், பிறகு பின்னங்கால்கள் விழும். ஆராய்ச்சியாளர்கள் 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுகிறார்கள். 0 என்றால் ஆரோக்கியம், 5 என்றால் மரணம் அல்லது மரணத் தறுவாய்.

இன்னொரு வழி தீவனத்தில் கலப்பது. குப்ரிசோன் என்ற ரசாயனம் செம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். அரைத்த தீவனத்தில் 0.2 சதவீதம், அதாவது கிலோவுக்கு 2 கிராம் கலந்து ஐந்தாறு வாரம் கொடுத்தால், மயலினை நெய்யும் செல்கள் செத்து, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பட்டையில் உறை உதிர்ந்துவிடும். நாமக்கல்லில் கோழித்தீவனம் கலக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் சாதாரணம். விசேஷம் என்னவென்றால், தீவனத்தை மாற்றிவிட்டால் சில வாரங்களில் உறை திரும்ப வளர்கிறது. உதிர்வதையும் வளர்வதையும் ஒரே எலியில் நாள் குறித்துப் பார்க்கலாம். ஸ்கேனைப் பரீட்சிக்க இதைவிட வாகான ஏற்பாடு கிடைக்காது. எதிர்ப்பு அணுக்களின் தாக்குதல் இதில் அநேகமாக இல்லை என்பது குறை. ஒரு பிராணி மாதிரியிடம் நோய் முழுவதையும் கேட்கக் கூடாது.

எலியை ஸ்கேன் செய்வது மனிதரைச் செய்வதைவிடச் சிரமம். ஆய்வுக்கூடச் சுண்டெலியின் மூளை அரை கிராமுக்கும் குறைவு. நம்முடையது ஏறத்தாழ 1,400 கிராம். மனித மூளையை ஒரு மில்லிமீட்டர் கட்டங்களாகப் பிரித்துப் படமெடுத்தால், எலிக்கு அதில் பத்தில் ஒரு பங்கு நீளக் கட்டம் வேண்டும். நீளத்தில் பத்தில் ஒன்று என்றால் கொள்ளளவில் ஆயிரத்தில் ஒன்று. குலுக்குவதற்கு உள்ளே தண்ணீரும் ஆயிரத்தில் ஒரு பங்குதான், முனகலும் அவ்வளவுதான். அதைக் கேட்கக் காந்தத்தைக் கூட்டுகிறார்கள். நம் ஊர் ஸ்கேன் மையங்களில் இருப்பது 1.5 அல்லது 3 டெஸ்லா. எலிக்கு 7, 9.4, சில இடங்களில் 11.7. 9.4 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு லட்சம் மடங்கு. ரேடியோ முனகலைப் பிடிக்கும் சுருளை எலியின் மண்டையை ஒட்டியே பொருத்துகிறார்கள். ஐசோஃப்ளூரேன் மயக்கவாயு மூக்கில் போய்க்கொண்டிருக்கும். அடியில் வெந்நீர் ஓடும் மெத்தை. ஏனென்றால் மயங்கிய எலியின் உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும், சூடு மாறினால் தண்ணீரின் ஓட்டமும் மாறி அளவு பிசகும். வயிற்றை ஒட்டி ஒரு சிறு காற்றுத் தலையணை மூச்சை எண்ணிக்கொண்டிருக்கும்.

இப்படி அதே எலியை வாராவாரம் பார்க்க முடிகிறது என்பதில்தான் லாபம். முன்பெல்லாம் மூன்றாம் வாரம் என்ன நடந்தது என்று அறியச் சில எலிகளைக் கொல்ல வேண்டும், ஐந்தாம் வாரத்துக்கு வேறு சில. ஒப்பிடுவது வேறு வேறு எலிகளை. இப்போது ஒவ்வோர் எலியும் தனக்குத்தானே அளவுகோல், எண்ணிக்கையும் குறைகிறது. நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், எத்தனை எலி, ஏன் அத்தனை என்று நிறுவனத்தின் பிராணி நெறிக் குழுவிடம் காரணம் காட்டித்தான் ஆய்வைத் தொடங்க முடியும். ஸ்கேன் இருந்தால் அந்தக் கேள்விக்குச் சொல்லக் கூச்சமில்லாத பதில் கிடைக்கிறது.

குலுக்கிப் பார்ப்பதிலும் பல தினுசு உண்டு. கையில் காடோலினியம் என்ற உலோகச் சேர்மத்தை ஏற்றுவது ஒன்று. மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் நல்லபடி இருந்தால் அது மூளைக்குள் நுழையாது. சுவர் கசிந்த இடத்தில் நுழைந்து, பக்கத்தில் இருக்கும் தண்ணீரின் குணத்தை மாற்றிவிடும். அந்த இடம் ஒளிரும். 1990-ல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் கினிப் பன்றிகளில் இதைச் செய்து, பிறகு திசுவையும் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, ஒளிர்வது அழற்சியும் கசிவும் நடப்பில் இருக்கும் இடம் என்பதை உறுதிப்படுத்தினார்கள். மனிதர்களின் ஸ்கேன் அறிக்கையில் ‘இது புதிய புண், அது பழைய புண்’ என்று மருத்துவர் பிரித்துச் சொல்வதன் பின்னால் அந்தக் கினிப் பன்றிகளின் சாட்சியமும் இருக்கிறது.

இரண்டாவது தினுசு எனக்குப் பிடித்தது. டப்பாவில் ஜவ்வரிசிக்குப் பதில் நீளச் சேமியாவை ஒரே திசையில் அடுக்கியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இழையின் நீளவாக்கில் தண்ணீர் தாராளமாக நகரும், குறுக்கே போனால் முட்டும். நரம்பிழைகளிலும் அப்படித்தான். குறுக்கு ஓட்டத்துக்கு மயலினும் ஒரு தடை. அது போனால் குறுக்கே நகர்வது கூட வேண்டும் இல்லையா? அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஷெங்க்வெய் சாங் குழுவினர், பிறவியிலேயே மயலின் சரியாக அமையாத, நடுங்கிக்கொண்டே இருக்கும் ஒரு வகை எலியில் 2002-ல் இதை அளந்தார்கள். நீளவாக்கு ஓட்டம் மாறவில்லை. குறுக்கு ஓட்டம் மட்டும் கூடியிருந்தது. 2005-ல் குப்ரிசோன் எலியில் பார்த்தார்கள். உறை உதிர்ந்தபோது குறுக்கு ஓட்டம் ஏறியது, திரும்ப வளர்ந்தபோது இறங்கியது. திசுவை வெட்டி, மயலினை நீலமாக்கும் சாயத்தில் முக்கிப் பார்த்தால் கணக்கு ஒத்துப்போயிற்று. மூடியைத் திறந்து சரிபார்ப்பது என்று சொன்னது இதைத்தான்.

ஆனால் இதுவும் முழுதாகக் கைகொடுக்கவில்லை. அழற்சியில் செல்கள் வந்து கும்பலாக அடைத்துக்கொண்டால் தண்ணீர் எந்தப் பக்கமும் நகர முடியாது; வீங்கினால் எல்லாப் பக்கமும் நகரும். மயலின் போனதால் ஏறும் அளவும் கும்பலால் இறங்கும் அளவும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, படத்தில் எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டலாம். சாங் குழுவினரே இதைக் கண்டு, இரண்டையும் பிரித்துக் கணக்கிடும் புது முறையைப் பிறகு வகுத்தார்கள். ஜவ்வரிசி உவமை உதவாத இடமும் இதுதான். சமையலறை டப்பாவில் மாறுவது ஒன்றே ஒன்று. மூளையில் ஒரே நேரத்தில் நாலைந்து மாறுகின்றன.

எலியிடம் இன்னொரு குறை. நம் மூளையில் ஏறத்தாழப் பாதி வெண்பகுதி, எலியின் மூளையில் அது மிகச் சொற்பம். புரதத் துண்டு ஊசி போட்ட எலிக்குப் புண் பெரும்பாலும் தண்டுவடத்தில்தான் வருகிறது. மூளையைத் தேடித் தேடிப் படமெடுத்துக் கண்டது கொஞ்சம் என்றால் ஆச்சரியமில்லை. ஆகவே வெண்பகுதி கூடுதலான மார்மோசெட் என்ற சிறு குரங்குக்குப் போனார்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் இந்தக் குரங்குகளுக்கு நோயை வரவழைத்து, அடிக்கடி 7 டெஸ்லாவில் படமெடுத்து 2014-ல் வெளியிட்ட ஆய்வில், புண் ஒவ்வொன்றும் ஒரு சிறு சிரையைச் சுற்றிக் கசிவோடு முளைத்துப் பெருகுவது தெரிந்தது. எம்.எஸ். நோயாளிகளின் புண்களிலும் நடுவில் சிரை உண்டு. வேறு காரணங்களால் வரும் வெள்ளைப் புள்ளிகளில் அது அவ்வளவாக இருப்பதில்லை. இந்த ‘நடுச்சிரை அடையாளம்’, எம்.எஸ்.ஸை உறுதிசெய்ய மருத்துவர்கள் பின்பற்றும் மெக்டொனால்ட் நோயறிதல் விதிகளின் 2024-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இடம்பிடித்துவிட்டது.

மருந்து விஷயத்தில் எலியின் சொல்லை அப்படியே நம்பிவிடவும் கூடாது. எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் நட்டாலிசுமாப் என்ற மருந்தின் வேர் 1992-ல் எலிகளில் நடந்த சோதனையில் இருக்கிறது. அது மனிதருக்கும் பலித்தது. ஆனால் டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைத் தடுத்தால் எலிக்கு நோய் தணிந்தது. அதே வழியில் மனிதருக்குக் கொடுத்த லெனர்செப்ட் என்ற மருந்து நோயைத் தணிக்கவில்லை, தாக்குதல்களைக் கூட்டியது. அந்த முடிவு 1999-ல் வெளியாயிற்று. ‘எம்.எஸ்.ஸுக்கு மருந்து கண்டுபிடிப்பு’ என்று தலைப்பு வந்தால், செய்தியில் ‘எலி’ என்ற சொல் எத்தனையாவது பத்தியில் வருகிறது என்று நான் தேடுவது அதனால்தான்.

உங்கள் வீட்டில் யாருடைய ஸ்கேன் அறிக்கையிலாவது மூளை வெண்பகுதியில் வெள்ளைப் புள்ளிகள் என்று எழுதியிருந்தால், அது எம்.எஸ். என்று முடிவுகட்டிவிடாதீர்கள். தண்ணீர் தனித்து நிற்கிறது என்பதுதான் அந்தப் புள்ளிக்குப் பொருள். வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, ஒற்றைத் தலைவலி என்று காரணங்கள் பல. ஒரு கண் மங்கியோ கைகால் மரத்தோ சில நாள் இருந்து தானாகத் தெளிந்துவிட்டால், ‘சரியாகிவிட்டதே’ என்று இருந்துவிடாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது பழைய ஸ்கேன் படங்களையும் குறுந்தகடுகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். போன வருஷத்துப் படத்தோடு ஒப்பிட்டால்தான் புள்ளி புதியதா பழையதா என்று அவரால் சொல்ல முடியும்.